திரையை இழுத்தது நானல்ல

மோஹாச், ஹங்கேரி
18 டிசம்பர் 2004

வில்மாவுக்கு,

திரையை இழுத்தது நானல்ல. வேறு எதையும் எழுதுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்பதால்தான் நலம் விசாரிப்பதை இரண்டாவது வரிக்குத் தள்ளினேன். நலமா? உனக்கு முழங்கால் வலி என்று கேள்விப்பட்டேன். சொன்னவள் நம் ஒன்றுவிட்ட சகோதரி கிசெல்லா, நீ தொலைபேசியில் பேசினாயாம். நேற்று ரொட்டிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றுகொண்டு, கடைக்காரரும் கேட்கும்படி இப்படிப் பேசினாள்:

"ஏன்டி எடெல்கா, கூடப் பொறந்தவ மூஞ்சிக்கு நேரா திரைய இழுத்துச் சாத்தினியாமே? எண்பது வயசாயும் இன்னும் அந்த ராங்கி அடங்கலையா?"

"எனக்கு எழுபத்தெட்டு. ரொட்டிய வாங்கிட்டா நகரு, பின்னால ஆளு நிக்குது."

வரிசையில் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் மகள் ஆகோதா பிறந்தநாள் பரிசாக என்னைக் குளிர்காலக் கப்பலில் ஏற்றிவிட்டாள். புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்குப் போய்த் திரும்ப ஐந்து இரவுகள். பதினோராம் தேதி வியன்னாவில் நின்றோம். கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க வரும் கப்பல்கள் இந்த மாதத்தில் அதிகம், கரையில் இடம் குறைவு. அதனால் ஒன்றை ஒட்டி இன்னொன்றைக் கட்டிவிடுகிறார்கள். வெளிக் கப்பலில் இருப்பவர்கள் எங்கள் வரவேற்புக் கூடத்தின் வழியாகத்தான் கரைக்குப் போக வேண்டும். என் அறை ஜன்னலுக்கும் அடுத்த கப்பலின் ஜன்னலுக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. மாலை ஆறு மணிக்கு அறைப் பணிப்பெண் வந்தாள், படுக்கையைச் சரிசெய்தாள், எல்லா அறைகளிலும் செய்வதுபோலத் திரையை இழுத்துவிட்டுப் போனாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர் ஜன்னலில் நீ இருந்தாய் என்பதே கிசெல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இதற்குமேல் இதில் ஒன்றுமில்லை. வெளியே போனால் காதை மூடிக்கொண்டு போ.

எடெல்கா,
காலஞ்சென்ற லோரான்டின் மனைவி


லின்ஸ், ஆஸ்திரியா
28 டிசம்பர் 2004

மதிப்புக்குரிய அக்கா,

உங்கள் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இரண்டு நாள் பிரிக்காமல் கசகசாச் சுருள் ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். நான் நலம். முழங்கால் மாடிப்படியில்தான் முரண்டு பிடிக்கிறது. உங்கள் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

நான் அங்கே தற்செயலாக வரவில்லை. நீங்கள் கப்பலில் போவதை ஆகோதா என்னிடம் சொன்னாள். அவளைத் திட்டாதீர்கள், நான்தான் கேட்டேன். உங்கள் கப்பலில் இடமில்லை. அதே இரவில் வியன்னாவில் நிற்கும் வேறொரு கப்பலில் லின்ஸில் ஏறினேன். அதை உங்கள் கப்பலோடு ஒட்டிக் கட்டியது மட்டும் என் ஏற்பாடு அல்ல.

கரைக்குப் போகிறேன் என்ற சாக்கில் உங்கள் கூடத்தின் வழியாக இரண்டு முறை நடந்தேன். கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கத்தில், லோரான்ட் அத்தான் வாங்கித் தந்த ரோமத் தொப்பியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தீர்கள். எதிரே ஒரு பல் மருத்துவர்.

"மோஹாச்சுல நீங்க முகமூடி மாட்டிக்கிட்டுக் குளிர்காலத்தையே வெரட்டிடுவீங்களாமே அம்மா? இங்கயும் கொஞ்சம் வெரட்டுங்க, என் மூக்கு மரத்துப்போச்சு."

"மூக்க மூடுறப்ப வாயையும் சேத்து மூடிக்கோங்க டாக்டர், சூடு தங்கும்."

தூணுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். பக்கத்தில் வரத் தைரியம் வரவில்லை. அறைக்குத் திரும்பி விளக்கைப் போட்டால், எதிர் ஜன்னலில் நீங்கள். கடவுளே ஜன்னலைக் கொண்டுவந்து ஜன்னலோடு ஒட்டியதுபோல் இருந்தது. நான் ஜன்னலோரம் போய் நின்றேன். நீங்கள் நேராக என்னையே பார்த்தீர்கள், அக்கா. வெகு நேரம் பார்த்தீர்கள். பிறகு திரை விழுந்தது. இழுத்தது பணிப்பெண் என்றால் நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்லி நான் அறிந்ததில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கம் ஆறு தெரியாதே. என் கப்பல் மறைத்துக்கொண்டல்லவா நின்றது?

புத்தாண்டில் உங்கள் உடல்நலத்துக்காக வேண்டிக்கொள்கிறேன்.

வில்மா


மோஹாச்
8 ஜனவரி 2005

வில்மாவுக்கு,

ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. நீ முழங்காலில் வாத்துக் கொழுப்பைச் சூடாக்கித் தடவு, மருந்துக்கடைக் களிம்பு வேண்டாம். என்னை 'நீங்கள்' என்று எழுதுவதை நிறுத்து. நான் எல்லையில் உன் பெட்டியைத் திறந்து பார்த்த சுங்க அதிகாரி அல்ல.

ஆகோதாவுடன் பேசிவிட்டேன். திட்டவில்லை. பேசினேன்.

ஆறு கப்பலுக்கு அடியிலும் இருக்கிறது. அதோடு, பிறர் ஜன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் நமக்கு யாரும் கற்றுத்தரவில்லை.

நீ எழுதாமல் விட்டதை நானே எழுதிவிடுகிறேன். லோரான்டை அடக்கம் செய்த நாளில் பனியால் ரயில் தாமதமாகி, எல்லாம் முடிந்து உறவினர்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகு நீ வந்தாய். மேசையில் இடமில்லை என்று சொன்னேன், ஏனென்றால் இடமில்லை. பக்கத்து வீட்டுக்கு நாற்காலி கேட்டு ஆள் அனுப்பியிருந்தேன். அது வருவதற்குள் நீ பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இருபத்திரண்டு வருடமாக நீ மனதில் வைத்திருப்பது வராமல் போன ஒரு நாற்காலியைத்தான்.

லின்ஸில் பனி அதிகம் என்று வானொலியில் சொன்னார்கள். படியில் பார்த்து இறங்கு.

எடெல்கா,
காலஞ்சென்ற லோரான்டின் மனைவி


லின்ஸ்
20 ஜனவரி 2005

அன்புள்ள அக்கா,

வாத்துக் கொழுப்பு வேலை செய்கிறது. வீடு முழுக்கச் சமையலறை வாசனை. உனக்குச் சளி எதுவும் பிடிக்கவில்லையே?

என் எழுத்து எப்போதும் பொடி எழுத்து, உனக்குத் தெரியும். ஒரே தாளில் முடிக்கப் பார்க்கிறேன், இரண்டாவது தாள் எடுத்தால் கோழையாகிவிடுவேன்.

நாற்காலிக்கு ஆள் அனுப்பியது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாசலில் நின்றிருப்பேன். இத்தனை வருடம் தெரியாமல் போனதே என்றுதான் அழுகை வருகிறது.

நான் குடியிருக்கும் வீட்டை இடிக்கப்போகிறார்கள். நகராட்சி முதியோர் இல்லத்தில் எனக்கு ஒரு அறை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல இடம், ஜன்னலும் உண்டு. மார்ச் 31க்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் அங்கேதான் இருப்பேன், அங்கேதான் முடிவேன். அதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்கத்தான் கப்பல் ஏறினேன். கேட்டும்விட்டேன். நீ பார்த்தாய்.

மடத்துச் சாப்பாட்டுக் கூடம் ஞாபகம் இருக்கிறதா? பேசக்கூடாது. யாரோ ஒருத்தி புனிதர் சரித்திரம் வாசித்துக்கொண்டிருப்பாள். தாமதமாக வருகிறவள் மேசையின் கோடியில் நின்று விளிம்பில் இரண்டு விரலை வைப்பாள். எனக்கு இடம் இருக்கிறதா என்று அர்த்தம். மேசையில் மூத்தவள், கவிழ்த்து வைத்த ஒரு கோப்பையை நிமிர்த்தினால் உட்காரலாம். நிமிர்த்தாவிட்டால் சமையலறையில் நின்றபடி சாப்பிட வேண்டும். என் மேசைக்கு மூத்தவள் நீ. நான் எவ்வளவு தாமதமாக வந்தாலும் உன் கை கோப்பைக்குப் போகும்.

அன்று ஜன்னல் விளிம்பில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றேன். உன் முன்னால் சிறுமேசையில் தேநீர்க் கோப்பை கவிழ்த்தபடி இருந்தது. நீ என்னையே பார்த்துக்கொண்டு, கையை மடியிலேயே வைத்திருந்தாய்.

பார்த்தும் நிமிர்த்தவில்லை என்றால் அது பதில்தான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் கேட்டதை ஒருமுறை தாளிலும் கேட்டுவிடுகிறேன். உன் வீட்டுப் பின்னறையில் எனக்கு இடம் இருக்கிறதா? உன்னோடு வந்து இருந்துவிடட்டுமா?

இரவில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கு.

உன் தங்கை
வில்மா


மோஹாச்
சாம்பல் புதன், 9 பிப்ரவரி 2005

வில்மாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நலமாக இருப்பதில் மகிழ்ச்சி. எனக்குச் சளி இல்லை.

இங்கே முகமூடித் திருவிழா நேற்று முடிந்தது. ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு, கொம்பு வைத்த மரமுகமூடியோடு ஆறு நாள் ஊரைச் சுற்றினார்கள். வழக்கம்போல் குளிர்காலத்துக்குச் சவப்பெட்டி செய்து ஆற்றில் விட்டார்கள். குளிர்காலம் போகவில்லை. இது சம்பந்தமாகவும் ஊரில் ஒன்று பேசிக்கொள்கிறார்கள், அதையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் முகமூடி போட்ட ஒருவனைப் பார்த்து, "ஃபாதர், இன்னைக்குப் பிரசங்கம் ரொம்ப நீளம்" என்று நான் சொன்னேனாம். சொன்னது உண்மை. "எடெல்காம்மா, இது நானு, கசாப்புக்கடைக்காரன் பந்தி! ஃபாதருக்கு எப்பக் கொம்பு மொளச்சுது?" என்று அவன் கத்த, சதுக்கமே சிரித்தது. நான் வேடிக்கைக்காகச் சொன்னேன். வேண்டுமென்றே சொன்னேன். அதை யாரும் நம்புவதாகத் தெரியவில்லை.

நீ எழுதியிருந்தவற்றை எல்லாம் கவனத்தில் கொண்டேன். பழையதைக் கிளறுவதால் யாருக்கும் பயனில்லை என்பது என் கருத்து. உன் வயதில் இருக்கிற இடத்தில் நிம்மதியாக இருப்பதே நல்லது.

தவக்காலத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

எடெல்கா,
காலஞ்சென்ற லோரான்டின் மனைவி


லின்ஸ்
17 பிப்ரவரி 2005

அன்புள்ள அக்கா,

நலம். புரிந்துகொண்டேன். இருக்கிற இடத்தில் இருக்கிறேன். மார்ச் 31 அன்று கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தில் வரிகள் சரிந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. கோடு போடாத தாளிலும் கோடு போட்டதுபோல எழுதுகிறவள் நீ. மடத்தில் சகோதரி பெனிக்னா உன் நோட்டைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார். கை நடுங்குகிறதா? மருத்துவரைப் பார்.

இனித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

வில்மா


மோஹாச்
24 பிப்ரவரி 2005

வில்மாவுக்கு,

என் கை நடுங்கவில்லை. மேசை ஆடுகிறது.

எதைப் புரிந்துகொண்டாய்? எதில் கையெழுத்து? முழு வாக்கியமாக எழுது. சின்னக் கடிதமாக எழுது. உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே.

எடெல்கா


லின்ஸ்
3 மார்ச் 2005

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜனவரியில் ஒரு பக்கம் எழுதினேன். அதையே இன்னொரு முறை எழுத எனக்குத் தெம்பில்லை. அது உன் மேசையில்தானே இருக்கிறது.

வில்மா


மோஹாச்
19 மார்ச் 2005

வில்மா,

நலமாக இரு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாமல் இரு.

உன் ஜனவரிக் கடிதத்தை நேற்றுப் படித்து முடித்தேன். படிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. சமையலறை ஜன்னலில் காலை பத்து மணிக்குமேல்தான் வெயில் விழும், பன்னிரண்டுக்குப் போய்விடும். அந்த இரண்டு மணி நேரம் லோரான்ட் தபால்தலை பார்க்கும் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை, பிறகு அதற்கடுத்த வார்த்தை. 'இரண்டு விரல்' என்ற இடத்துக்கு ஏழாம் நாள் வந்தேன். அன்றைக்கு அதற்குமேல் படிக்கவில்லை.

ஆகோதா வந்திருந்தாள். மேசையில் கடிதத்தைப் பார்த்துவிட்டு, "குடும்மா, நான் படிச்சுக் காட்டுறேன், ரெண்டு நிமிஷ வேலை" என்றாள்.

"எனக்கு வந்த கடுதாசிய நான் படிச்சுக்குவேன். நீ போய் அடுப்பப் பாரு."

"எத்தன நாளாம்மா இதையே வச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"நல்ல கடுதாசி. மெதுவா படிக்கிறேன்."

டிசம்பர்க் கடிதத்தை எப்படியோ படித்தேன். இது ஒரே தாளில் நெருக்கிய எழுத்து, முதலில் வந்தபோது தொடக்கத்தையும் கடைசி வரியையும்தான் படித்தேன். நடுவில் என்ன இருக்கும் என்று நானே ஊகித்துக்கொண்டேன். உன்னைவிட எனக்கு எல்லாம் தெரியும் என்று எழுபது வருடமாக நினைத்து வருகிறேன், அந்தப் பழக்கம். அதற்குப் பதிலும் எழுதினேன். அந்தப் பதிலைக் கிழித்துப் போடு.

இரண்டு குளிர்காலமாக என் கண்ணின் நடுப்பகுதி செத்துக்கொண்டிருக்கிறது. சரிசெய்ய வழியில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் எதை நேராகப் பார்க்கிறேனோ அது மறைந்துபோகிறது, ஓரங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. ஆகோதாவுக்கு இது தெரியாது. எனக்கு வியன்னாவைக் காட்ட ஆசைப்பட்டு அந்தக் கப்பலுக்கு டிக்கெட் வாங்கினாள். விளக்குகளின் ஓரங்களைப் பார்த்துவிட்டு வந்து, மிக அழகாக இருந்தது என்றேன்.

அன்று எதிர் ஜன்னலில் விளக்கு எரிந்தது. பழுப்பு நிறக் கோட்டு ஒன்று தெரிந்தது. கோட்டுக்குமேல் ஒன்றுமில்லை. யாரோ ஒருத்தி மரியாதையாக நின்று யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த நிற்பு எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. முகத்தைக் கண்டுபிடிக்கத்தான் அவ்வளவு நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அவள் இல்லாமல் போனாள். ஆற்றைப் பார்த்தேன் என்று எழுதியது பொய். கோவில் வாசலில் பந்தியை ஃபாதர் என்று நினைத்ததும் வேடிக்கைக்காக அல்ல. உன் விரல்களை நான் பார்க்கவே இல்லை, வில்மா. பார்த்திருந்தால் என் கை கோப்பைக்குப் போயிருக்கும்.

இன்னொன்று. நான் பொய் சொல்லி நீ அறிந்ததில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. லோரான்டின் அடக்க நாளில் நாற்காலி கேட்டு நான் யாரையும் அனுப்பவில்லை. பக்கத்து அறையில் சுவரோரமாக இரண்டு நாற்காலிகள் சும்மா கிடந்தன. நீ கடைசி நேரத்தில் அவரைப் பார்க்க வரவில்லை என்று எனக்குக் கோபம். பனியின்மேல் கோபப்பட முடியாது, உன்மேல் முடிந்தது. நீ போன பிறகு வாசலுக்கு வந்து பார்த்தேன். உன் காலடி பனியில் சாலைவரைக்கும் பதிந்திருந்தது. அன்று சாயங்காலம் யாரோ கேட்டபோது நாற்காலிக் கதையைச் சொன்னேன். இருபத்திரண்டு வருடம் திரும்பத் திரும்பச் சொன்னதில் எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. நீ அதை நம்பி அழுதாய் என்று படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியாது.

கண் போனதால்தான் தங்கச்சியைக் கூப்பிடுகிறாள் என்று கிசெல்லா ரொட்டிக்கடையில் சொல்வாள். அதையும் இப்போதே திருத்திவிடுகிறேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை நீ வந்தால் சொல்கிறேன்.

பின்னறையில் இருந்த விறகையும் வெங்காயக் கூடையையும் வெளியே எடுத்தாயிற்று. அங்குள்ள கணப்படுப்பில் புகை வெளியே போகிறதா என்று எரித்துப் பார்த்தேன், போகிறது. பந்தி கட்டிலைத் தூக்கிவந்து போட்டான். "யாருக்கு எடெல்காம்மா இதெல்லாம்? ஃபாதருக்கா?" என்று கேட்டான். உன்னிடமிருந்து பதில் வராமல் அவனுக்கு என்ன சொல்வது? என்னோடு இருப்பது எளிதல்ல. உப்பு இருந்த இடத்தில் இருக்க வேண்டும், கதவு பாதி திறந்திருக்கக் கூடாது, இப்போது அதற்குக் காரணமும் இருக்கிறது. இதையெல்லாம் யோசித்து முடிவு செய்.

இன்று காலை மேசையில் நீ உட்காரப்போகும் பக்கத்தில் ஒரு கோப்பையை நிமிர்த்தி வைத்தேன். நீ இருக்கும் இடத்திலிருந்து அது உனக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்: இடம் இருக்கிறது.

முழங்காலுக்குக் கொழுப்புத் தடவுவதை நிறுத்தாதே. தொலைபேசியில் கூப்பிடாதே, நீ அழுவாய், நான் அதட்டுவேன். ஆகோதாவிடமும் சொல்லி அனுப்பாதே. வருகிறாயா, எந்த நாள், எந்த ரயில் என்று கறுப்பு மையில், பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுது. நானே படிக்க வேண்டும். பதில் எழுது.

அக்கா